மண்டகப்பட்டில் ஒரு ஹெரால்டு

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த கோயிலால் பெயர் பெற்ற ஊர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. இந்த முறை நான் தேடிப் போனது சாலையோரத்துத் தகரக் கொட்டகை ஒன்றை. அந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைக்கப் போவதாக, காரின் சொந்தக்காரரான நண்பர் தகவல் சொல்லியிருந்தார்.

ஹெரால்டு சென்னையில் பிறந்த கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இங்கே தயாரித்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. இதே சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது. கழற்றிவிட்டால் திறந்த கார்தான். நண்பர் கழற்றி, கான்வாஸ் போட்டிருந்தார். பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடுவதால், எலக்ட்ரீசியன் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே வேலையைத் தொடங்கினார். நின்று குனிந்தே முதுகைக் கெடுத்துக்கொண்ட தொழிலில் இப்படி ஒரு கார் வருவது அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அவருக்கு அன்றாடச் சோறு போடுவது டிராக்டர். செல்ஃப் மோட்டார், லோடு ஆட்டோவின் ஹெட்லைட், அறுவடை இயந்திரத்தின் ஒயரிங். "அறுவடை முடிஞ்சதும் தர்றேன்னுதான் பாதிப் பேர் சொல்லுவாங்க சார். குடுத்துடுவாங்க, கொஞ்சம் லேட்டாகும்." விழுப்புரத்தில் பஸ் பட்டறை ஒன்றில் சிறுவனாகச் சேர்ந்து கற்றவர். டைனமோ ஆர்மேச்சருக்குக் காயில் சுற்றுவதும் தெரியும். அந்த வேலை கேட்டு இப்போது அநேகமாக யாரும் வருவதில்லை.

டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுழலும் ஆர்மேச்சரில். அவ்வளவு கரண்டையும் காமுடேட்டரும் கார்பன் பிரஷும்தான் வெளியே கொண்டுவர வேண்டும். கனத்த ஆர்மேச்சரை அதிக வேகத்தில் சுற்ற முடியாது. அதற்கேற்ற புல்லியைத்தான் வைத்திருப்பார்கள். விளைவு, எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய எதையும் தராது. டைனமோவைப் பாட்டரியோடு இணைக்கும் கட்அவுட் ஸ்விட்ச் திறந்துகொள்ளும், விளக்கு, வைப்பர் எல்லாம் பாட்டரியைத் தின்னும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 முழு வேகத்தில் ஓடினாலும் தருவது 22 ஆம்பியர்தான். இரண்டு 60 வாட் ஹாலஜன் பல்பு போட்டால் பத்து ஆம்பியர் அங்கேயே போய்விடும். மழை இரவில் செஞ்சி சாலையில் கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவருக்கு இந்தக் கணக்கின் பொருள் தெரியும்.

ஆல்டர்னேட்டரில் சுழல்வது காந்தச் சுருள் மட்டும். மின்சாரம் அசையாத ஸ்டேட்டரில் பிறக்கிறது. டயோடுகள் அதை டிசி ஆக்குகின்றன. சிலிக்கான் டயோடு மலிவான பிறகு, 1960-இல் கிறைஸ்லர் தன் வேலியன்ட் காரில் இதைப் பொருத்தியது. இங்கிலாந்தின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1967 இறுதியில்தான் டைனமோவை விட்டது. நம் ஊரில் 1961-இல் தொடங்கிய பாடி லூகாஸ்-டிவிஎஸ் இரண்டையுமே செய்திருக்கிறது. பட்டறை மூலையில் கிடந்த பழைய டைனமோக்களின் பெயர்த்தகட்டில் அந்தப் பெயரைப் பார்த்தேன்.

அவர் முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. பாட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பார்த்தார். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். அப்படியே விட்டு ஆல்டர்னேட்டரை இணைத்தால் டயோடுகள் அந்தக் கணமே எரிந்துவிடும். இந்தக் காரில் மைனஸ் எர்த். இருந்தும் மீட்டரை வைத்து ஒருமுறை உறுதி செய்துகொண்டார்.

பிறகு ஒயர்கள். அறுபது வருஷ எண்ணெயும் புழுதியும் ஏறி எல்லாம் ஒரே கறுப்பு. பெட்ரோலில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அடியிலிருந்து லூகாஸ் நிறங்கள் வெளியே வந்தன. முழுப் பழுப்பு பாட்டரி லைன். பழுப்பில் மஞ்சள் கோடு டைனமோவிலிருந்து வருவது. பழுப்பில் பச்சைக் கோடு ஃபீல்டு, அதாவது டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போவது. நிறத்தை மட்டும் அவர் நம்பவில்லை. இடையில் யார் எதை மாற்றினார்களோ என்று, டெஸ்ட் லேம்ப்பால் ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்த்த பிறகே சாக்பீஸால் குறியிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ஒரு ஒயரையும் அவர் வெட்டவில்லை. பழைய கட்அவுட் பெட்டியைத் தூக்கி எறியவும் இல்லை. உள்ளே இருந்த சுருள்களைப் பிரித்தெடுத்துவிட்டு, பாட்டரி லைன்கள் இரண்டையும் பெட்டிக்குள்ளேயே சேர்த்தார். ஃபீல்டு ஒயரை மீட்டர் போர்டிலுள்ள சார்ஜிங் விளக்கோடு இணைத்தார். டைனமோவின் பழைய பெரிய ஒயர் புது ஆல்டர்னேட்டர் தரும் 45 ஆம்பியரைத் தாங்காது என்று முனையில் டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவைத்தார். ஆல்டர்னேட்டரிலிருந்து செல்ஃப் சோலினாய்டுக்கு, நடுவில் ஃபியூஸோடு, புதிதாகத் தடித்த கேபிள் இழுத்தார். மூடி போட்டதும் பெட்டி ஆலையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. நாளைக்கே யாராவது டைனமோ வேண்டும் என்றால், வேறு ஒரு பெட்டி வைத்து அதே ஒயர்களில் திரும்பப் போய்விடலாம்.

ஆல்டர்னேட்டர் மாருதியின் சின்னக் கார்களில் வரும் வகை, ரெகுலேட்டர் உள்ளேயே. டைனமோவைவிடக் குட்டை என்பதால் பிராக்கெட்டுக்கு இரும்புப் புஷ் ஒன்றும், ஹெரால்டின் பெல்ட்டுக்கு ஏற்ற புல்லியும் செஞ்சி லேத்தில் கடைந்து வந்திருந்தன. எஞ்சின் புல்லியோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்று இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்துப் பார்த்து வாஷர் மாற்றினார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் சார்ஜிங் விளக்குக்கு எல்இடி போடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றார். அடுப்புக்குத் தீக்குச்சி மாதிரி அந்தச் சின்ன பல்பு. அதன் வழியாக வரும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரின் காந்தத்தை முதலில் எழுப்புகிறது. பல்பு ஃபியூஸ் போனால் சார்ஜிங்கே தொடங்காமல் போகலாம்.

எஞ்சின் ஓடியதும் பையன் பழக்கத்தில் பாட்டரி டெர்மினலைக் கழற்றக் கை நீட்டினான். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். "டைனமோன்னு நெனச்சுக்காத தம்பி. ஓடுறப்ப கழட்டினா வோல்டேஜ் எகிறி டயோடு போயிடும். மீட்டரை வை." ஹெட்லைட் எரிய, எஞ்சின் மெதுவாக ஓட, மீட்டர் 14.2 காட்டியது. விளக்கு துளியும் மங்கவில்லை.

பழைய காரில் புதுப் பொருள் வைப்பது கலப்படம் என்று வாதிடும் ரசிகர்களை எனக்குத் தெரியும். கண்காட்சியில் மட்டும் நிற்கும் காருக்கு அந்த வாதம் பொருந்தும். சாலையில் ஓடும் காருக்கு வெளிச்சம் வேண்டும். ஒயரை வெட்டாமல், திரும்பிப் போகும் வழியை அடைக்காமல் செய்த மாற்றத்தில் எந்தக் குறையும் இல்லை என்பதே என் தீர்ப்பு.

எனக்குக் கவலை வேறு. இந்த இணைப்பு முழுவதும் அந்த மனிதரின் தலைக்குள்தான் இருக்கிறது; தாளில் ஒரு கோடு இல்லை. கேட்டதும் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்து தந்தார். நிறங்களைத் தமிழில் எழுதினார். நண்பர் அதை பிளாஸ்டிக் உறையிலிட்டு ஆர்சி புத்தகத்தோடு வைத்திருக்கிறார். பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். ஒயரிங் முடிந்ததும் ஒரு படம் வரைந்து வாங்குங்கள், வரைந்தவர் பெயரையும் அதில் எழுதச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.