முதல் பத்து

2024ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் மார்ச் 22இல் தொடங்கியபோது எங்களூரில் நோன்பின் முதல் பத்து முடிந்திருந்தது. முற்றம்வரை நின்ற தராவீஹ் ஸஃப்புகள் ஒவ்வொன்றாக உள்ளே சுருங்கத் தொடங்கும் காலம். வருடா வருடம் காண்பதுதான். தொழுதுவிட்டு வீடு வந்தால் என் தங்கையின் மகன் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பான். ராஜஸ்தான் அணிதான் அவனது கட்சி. ராஜஸ்தான் எங்கே, காத்தான்குடி எங்கே! அந்த அணியின் பயிற்றுநராக அப்போது குமார் சங்கக்கார இருந்தார். அந்த ஒரு சம்பந்தம் அவனுக்குப் போதும்.

நோன்பு முடிவதற்குள் முதல் நான்கு போட்டிகளிலும் வெற்றி. ஏப்ரல் 27இல் ஒன்பதுக்கு எட்டு. “கப் இனி சங்கக்காரட கையிலதான் மாமா” என்றான். பிறகு மே மாதம் வந்தது. ஹைதராபாத்திடம் ஒரே ஓட்டத்தால் தோல்வி. அடுத்து டெல்லி, சென்னை, பஞ்சாப் என்று தொடர்ந்து நான்கு தோல்விகள். அடுத்த போட்டியை மழை கொண்டுபோனது. பெங்களூரை வென்று ஒருமுறை உயிர்பிழைத்தார்கள். மே 24இல் சேப்பாக்கத்தில் மறுபடியும் ஹைதராபாத்திடம் 36 ஓட்டங்களால் தோற்று வெளியேறினார்கள்.

“பெருமை புடிச்சிட்டு மாமா, அதான்” என்றான் மருமகன்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வசனம் என்னுடையது. ஒரு பிள்ளையைப் பார்த்து நான் சொன்னது.

கணித ஆசிரியன் என்ற வகையில் இதை முன்பே நான் யோசித்திருக்க வேண்டும். பத்து அணிகள் விளையாடுகின்றன. எல்லாம் சமபலம் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் அணி முதல் நான்கு போட்டிகளையும் வெல்லும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. பத்து அணிகள் இருக்கையில், இரண்டு பருவத்துக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் அப்படித் தொடங்குவதை எதிர்பார்க்கலாம். அதற்கு விசேட திறமை தேவையில்லை. 2014இல் பஞ்சாப் முதல் ஐந்தையும் வென்றது. ஏழில் இரண்டை மட்டுமே வென்றிருந்த கொல்கத்தா பின்னர் ஒன்பதைத் தொடர்ச்சியாக வென்று இறுதியில் பஞ்சாபிடமிருந்தே கிண்ணத்தைப் பறித்தது. 2015இல் மும்பை முதல் நான்கையும் தோற்றுச் சம்பியனானது. 2025இல் டெல்லி முதல் நான்கையும் வென்று, முதல் நால்வருக்குள்ளும் வராமல் போனது.

நல்ல தொடக்கம் வெறும் பொய் என்று சொல்ல வரவில்லை. 2024இல் கிண்ணத்தை வென்ற கொல்கத்தாவும் முதல் மூன்றை வென்றுதான் தொடங்கியது. ராஜஸ்தானும் மூன்றாமிடம்வரை வந்த நல்ல அணிதான். ஒன்பதில் எட்டு வெல்லுமளவு பெரிய அணி அல்ல, அவ்வளவே. பட்லர் நாடு திரும்பியது போன்ற காரணங்களும் இருந்தன. ஆனால் எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் அது இறங்கித்தான் இருக்கும்.

தராவீஹ் ஸஃப்பு குறைவது நம் சோம்பலால். சிறிதாயினும் விடாது செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற நபிமொழி அதற்குத்தான். கிரிக்கெட் அணி இறங்குவதில் பெரும்பங்கு நஸீபு தன் பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்வது. வெளியில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். நமக்குப் பழகியது முதலாவது என்பதால் எல்லாவற்றையும் சோம்பல் என்று எழுதிவிடுகிறோம்.

அந்தப் பிள்ளை பத்தாம் தரத்தில் என் வகுப்பில் இருந்தான். வழமையாக அறுபதுக்குச் சற்று மேலே எடுப்பவன் முதலாம் தவணையில் 92 எடுத்தான். வகுப்புக்கு முன்னால் நிறுத்திப் புகழ்ந்தேன். அவனுடைய வாப்பாவைக் கண்ட இடத்தில், உங்கள் மகன் பொறியியலாளன் என்றேன். இரண்டாம் தவணையில் 66. அதே இடத்தில் நிறுத்தி, “பெருமை புடிச்சிட்டு உனக்கு” என்றேன். மூன்றாம் தவணையில் அவன் என் முகத்தைப் பார்ப்பதை விட்டிருந்தான். சாதாரணதரத்தோடு கணக்கையும் பள்ளிக்கூடத்தையும் விட்டான். ஏசினால் திருந்துவார்கள் என்று நம்பியிருந்தேன். மோசமான புள்ளிக்குப் பிறகு ஏசுகிறோம், அடுத்தமுறை அது தானாகவே கொஞ்சம் ஏறுகிறது, நம் ஏச்சு பலித்ததாக நினைத்துக்கொள்கிறோம். ஆசிரிய கலாசாலையில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ராஜஸ்தான் தோற்ற மறுவாரம் அவனுடைய புடவைக் கடைக்குப் போனேன். எழுந்து நின்று கதிரை தந்தான். பழைய கதையை நானே எடுத்தேன். அவன் சிரித்தான்.

“முதலாந் தவணைக்கு நான் படிச்ச கணக்குகள்தான் அப்படியே வந்திச்சி சேர். ரெண்டாந் தவணைக்குத்தான் கூடப் படிச்சன்.”

அவன் கொடுத்த தேநீர் ஆறும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.