கூடைப்பந்தும் கைத்தொலைபேசியும்

வீரமுனையில் பிறந்த ஒருவனுக்குக் கிறிஸ்தவ இளைஞர் ஊழியத்தைப் பற்றி எழுத என்ன அருகதை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரின் ஊர். கோயில் மணியோசையோடு அயலூராகிய சம்மாந்துறையின் பாங்கொலியையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும் அம்பாறைக் கரையோரத்தில் என் தலைமுறையைச் சேர்ந்த தமிழர் பலரது படிப்பிலும் விளையாட்டிலும் மிஷனரிமாரின் கை பட்டிருக்கிறது. கல்முனையின் உவெஸ்லி உயர்தரப் பாடசாலையும் கார்மேல் பற்றிமாக் கல்லூரியும் இன்று அரசாங்கப் பாடசாலைகள். அவற்றின் பிறப்பை அவற்றின் பெயர்களே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இக்கட்டுரைக்குக் காரணம் ஓர் அழைப்பு. எங்கள் மாவட்டத்தில் பணியாற்றும் இளம் போதகர் ஒருவர், தமது சபையின் வாலிபர்களோடு சமூக ஊடகங்கள் பற்றிப் பேச வருமாறு கேட்டிருந்தார். செய்தியையும் வதந்தியையும் எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் நல்ல கேள்விகள் கேட்டார்கள். பின்னர் தேநீர் அருந்தும்போது, வாலிபர்கள் ஆலயத்துக்கு வருகிறார்களா என்று போதகரிடம் விசாரித்தேன்.

"வாறாங்க சேர். வராம இல்ல. கமரா, சவுண்ட், லைவ் எல்லாம் அவங்கதான் பாக்கிறாங்க. அவங்க இல்லையெண்டா ஆராதனையே நடக்காது. ஆனா அவங்கட மனசுக்குள்ள என்ன இரிக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

பிள்ளைகள் ஆலயத்துக்கு வருவதில்லை என்று குறைப்பட்ட போதகர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். வந்தும் அறியப்படாமல் போகிறார்கள் என்று வருந்திய ஒருவரை அன்றுதான் சந்தித்தேன். அந்த வருத்தம் கிறிஸ்தவ சபைக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ரியூஷன் ஆசிரியர்களும் பெற்றோரும் அதே இடத்தில்தான் நிற்கிறோம். ஆயினும் கிறிஸ்தவர்கள் இதை ஒரு தனிப்பணியாகவே நெடுங்காலம் செய்து வந்தவர்கள். ஆகவே அவர்களுடைய அனுபவத்திலிருந்து நாம் அனைவரும் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா என்று தேடிப் பார்த்தேன்.

சிறுவருக்கும் இளைஞருக்குமென்று தனியாக ஒரு சமயப்பணி தேவை என்ற எண்ணம் பரவியதற்குப் பின்னால் கைத்தொழில் புரட்சி இருக்கிறது. 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் றொபேட் றெய்க்ஸ் என்பவர் ஞாயிறு பாடசாலை தொடங்கினார். கிழமையில் ஆறு நாளும் வேலைத்தலங்களில் உழன்ற ஏழைச் சிறுவருக்கு, மிஞ்சிய ஒரு நாளில் எழுத வாசிக்கக் கற்பிப்பதே அதன் நோக்கம். றெய்க்ஸ் ஒரு பத்திரிகை நடத்தியவர் என்பதும், அந்த இயக்கம் பரவுவதற்கு அப்பத்திரிகையே உதவியது என்பதும் என்னைப் போன்றவனுக்குச் சற்று மகிழ்ச்சி தரும் செய்திகள்.

அடுத்து 1844 ஜூன் 6ஆம் திகதி. இலண்டனில் ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடைச் சிப்பந்தி, தம்மைப் போன்ற சில இளைஞரைச் சேர்த்துக்கொண்டு வை.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தொடங்கினார். கிராமங்களை விட்டு நகரத்துக்கு வந்து, நாள் முழுதும் கடையில் நின்று, இரவில் அந்தக் கடையின் மேல்மாடியிலேயே படுத்துறங்கிய பையன்கள் அவர்கள். பெற்றோரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், தெரு அழைத்த பக்கமெல்லாம் போகக்கூடிய வயதில் இருந்தவர்கள். அவர்கள் போய்வர ஓர் இடம் வேண்டும், பேச ஓர் ஆள் வேண்டும் என்பதே வில்லியம்ஸின் யோசனை.

அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த இரண்டு விடயங்களை நம்மில் பலர் அறியாமலே அனுபவித்திருக்கிறோம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரிலிருந்த வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டுக் கிடந்த வாலிபர்களுக்காகப் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டிக் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தார். 1895இல் அருகிலிருந்த ஹோலியோக் நகர வை.எம்.சி.ஏ.யில் வில்லியம் மோர்கன் உருவாக்கியது கரப்பந்தாட்டம். அதுவே 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. கிழக்கின் கடற்கரைக் கிராமங்களில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வலை கட்டி இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவனும் ஆடிய அந்த விளையாட்டு, ஓர் இளைஞர் ஊழியத்தின் பிள்ளை.

கூடைப்பந்து என்றதும் எங்கள் மாகாணத்தவர் நினைவில் முதலில் வருபவர் அருட்தந்தை யூஜின் ஹேபேட். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்தவர், கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தவர். அவரது காலத்தில் அக்கல்லூரி அணிக்கு நாடளாவிய பெயர் இருந்தது. மட்டக்களப்பின் வெபர் விளையாட்டரங்கும் இன்னொரு அமெரிக்க இயேசு சபைத் துறவியான ஹரல்ட் வெபரின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஹேபேட் அடிகளிடம் பழகிய பலரை என் தொழிற்காலத்தில் சந்தித்திருக்கிறேன். அவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. அவருடைய பிரசங்கத்தை நினைவுபடுத்தி எவரும் எனக்குச் சொன்னதில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் விசிலோடு மைதானத்தில் நின்றதையும், பிழைவிட்டால் ஏசியதையும், விளையாட்டுக்கு வராத பையனைத் தேடி விசாரித்ததையுமே சொன்னார்கள்.

1990 ஆகஸ்ட் எங்கள் மாகாணத்தின் கறுப்பு மாதம். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 12ஆம் திகதி எங்கள் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஸ்கூட்டரில் புறப்பட்ட ஹேபேட் அடிகளும் உடன்சென்ற தமிழ் இளைஞரும் வந்து சேரவேயில்லை. இன்றுவரை அவர்கள் காணாமற் போனவர்களே. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஒருவர், போகக்கூடிய வழி இருந்தும் போகாமல் நின்றார். அவரோடு நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளைஞர் ஊழியம் என்ற சொல்லுக்கு எங்கள் மண்ணில் நான் அறிந்த பொருள் அதுதான்.

இனி இணையத்துக்கு வருவோம். 2000களில் கல்முனையில் மணிக்கணக்கில் காசு கட்டிப் பார்த்த நெற் கபேக்களை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது இணையம் ஓர் இடமாக இருந்தது. அங்கே போகவேண்டும், கடைக்காரர் பார்ப்பார், தெரிந்தவர் யாரேனும் வீதியால் போவார். பின்னர் கைத்தொலைபேசி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு பூட்டப்பட்டபோது பாடசாலைகளும் மூடப்பட்டன. சூம் வகுப்புக்காகவும் வாட்ஸ்அப்பில் வரும் பயிற்சித் தாளுக்காகவும் நகையை அடகு வைத்துக் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்த தாய்மாரை நான் அறிவேன். பாடப்புத்தகத்தின் மரியாதையோடு வீட்டுக்குள் நுழைந்த அந்தப் பொருளைப் பாடசாலை திறந்த பிறகு திருப்பி வாங்க யாராலும் முடியவில்லை.

அதே காலத்தில் ஆலயங்களும் மூடப்பட்டன. ஆராதனை யூரியூப்புக்கும் சூமுக்கும் போயிற்று. வயதான போதகர்களுக்கு அந்தக் கருவிகள் புரியவில்லை, பிள்ளைகளுக்குப் புரிந்தன. பதினாறு வயதுப் பையன் சபைக்கு இன்றியமையாதவன் ஆனான். அதில் ஒரு நன்மை இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் கமராவுக்குப் பின்னால் நிற்பவனை எவரும் பார்ப்பதில்லை. வேலை முடிந்ததும் "நன்றி மகன்" என்று சொல்லி விடுவார்கள். போதகர் என்னிடம் சொன்னதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

முன்னர் எங்கள் ஊரில் ஒருவன் சந்தியில் நின்று சிகரட் புகைத்தால் மாலைக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். அது தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லைக்குள் ஒரு காவலும் இருந்தது. இன்றைய பிள்ளை தாயின் கண்முன்னே பாயில் படுத்திருக்கிறான், தாய்க்குத் தெரியாத ஊரில் உலவுகிறான். அவனுக்குப் பிரசங்கம் குறைவில்லை. சென்னையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் போதனைகளை நாள் முழுதும் கேட்கலாம். உள்ளூர்ப் போதகரின் பேச்சு அவற்றோடு போட்டியிட முடியாது, போட்டியிடவும் தேவையில்லை. திரையில் பேசும் பிரசங்கியாருக்கு இவன் முகம் தெரியாது என்பதே உள்ளூர்ப் போதகருக்கு உள்ள பெரிய வாய்ப்பு.

இதை வெறும் பண்பாட்டுக் கவலையாக நான் எழுதவில்லை. எங்கள் மாவட்டத்தில் இது உயிரோடு சம்பந்தப்பட்டது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரிலே முஸ்லிம் உணவகமொன்றில் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்ற பொய் பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தப் பொய்யைக் காணொளியாகச் சுமந்து நாடெங்கும் கொண்டுபோனவை கைத்தொலைபேசிகள். மார்ச்சில் கண்டி திகனவில் கலவரம் மூண்டபோது அரசாங்கம் முகநூலைச் சில நாட்கள் முடக்கியது. அந்த வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்த நேரம் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். றெய்க்ஸ் தொடங்கிய அந்தப் பழைய பணியின் முற்றத்திலேயே அது நடந்தது. ஐந்து நாட்களின் பின், கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் சுற்றிவளைக்கப்பட்ட வீட்டுக்குள் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. அங்கும் குழந்தைகள் இறந்தார்கள். தாக்குதலின் தலைவன் முகநூலிலும் காணொளிகளிலும் வெறுப்பைப் போதித்து வந்தவன். சந்தேகத்துக்குரியவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம் மக்களே என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். பக்கத்தில் எவருமின்றித் திரையிலிருந்து ஒரு குரலை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை எந்தச் சமயத்தவனாக இருந்தாலும் ஆபத்தில் இருக்கிறான்.

தடை விதித்தால் தீருமா? அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது. அதன் பலனைக் காலம் சொல்லட்டும். கத்தோலிக்கத் திருச்சபை வேறொரு வழியில் பதில் தேடியது. 2006இல் தனது பதினைந்தாவது வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த கார்லோ அக்குதிஸ் என்ற இத்தாலியச் சிறுவனை 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி பாப்பரசர் பதினான்காம் லியோ புனிதராக அறிவித்தார். கணனியில் வல்லவனாகி, நற்கருணை அற்புதங்களைப் பற்றி இணையத்தளம் அமைத்தவன் அவன். அவனைக் காட்டி, "நீங்களும் இணையத்தில் நற்செய்தி சொல்லுங்கள்" என்று பிள்ளைகளிடம் கூறுகிறார்கள். கணனி விளையாட்டை வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று அவன் தானே மட்டுப்படுத்திக்கொண்டதாகச் சொல்லப்படுவதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

என்னிடம் கேட்டால், சபைகள் இன்னுமொரு செயலியோ யூரியூப் அலைவரிசையோ தொடங்குவதைவிட, வளர்ந்த ஒருவரின் நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே முதல் வேலை. கிழமையில் இரண்டு பின்னேரம், மைதானத்தில், வலை கட்டிய இரண்டு கம்பங்களுக்கு நடுவே. அங்கே அயலூர் முஸ்லிம் பிள்ளையும் வீரமுனைப் பிள்ளையும் வரலாம் என்றிருக்க வேண்டும். இன்று வாட்ஸ்அப் குழுக்கள் எங்கள் பிள்ளைகளை அவரவர் சமயத்துக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. ஒரே பந்துக்காகச் சண்டை பிடித்துப் பழகியவன், மலட்டு மாத்திரைக் கதை வரும்போது, "அவனை எனக்குத் தெரியும்" என்று சொல்வதற்காவது வாய்ப்பு உண்டு.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பிள்ளைகளோடு நெருங்கிப் பழகும் பெரியவர் எல்லோரும் நம்பத் தகுந்தவர் அல்லர். உலகின் பல நாடுகளில் திருச்சபைகள் இந்த விடயத்தில் தலைகுனிந்திருக்கின்றன. ஆகவே சந்திப்பு திறந்த வெளியில், மற்றவர் கண்முன் நடக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு ஒரு சிறுமிக்குத் தனிச்செய்தி அனுப்புவது ஊழியமாகாது. இரண்டாவது, மதமாற்றம் பற்றிய ஐயம். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணத்தோடு துண்டுப்பிரசுரமும் வந்தது என்ற மனக்கசப்பு எங்கள் கரையோரத்தில் இன்னும் ஆறவில்லை. பந்தைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குப் பிள்ளையின் சமயத்தைக் கேட்டால் மைதானம் அடுத்த நாளே வெறுமையாகிவிடும்.

இவற்றையெல்லாம் அந்தப் போதகருக்கு நீண்ட மின்னஞ்சலாக எழுதினேன். பதில் சுருக்கமாக வந்தது. ஆலயத்துக்குப் பின்னாலுள்ள வளவைத் துப்புரவாக்கத் தொடங்கிவிட்டதாகவும், கரப்பந்து வலை ஒன்று வாங்க என்ன செலவாகும் என்று விசாரிப்பதாகவும் எழுதியிருந்தார். வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கும் எங்கள் பகுதி நண்பர்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது மருமக்களுக்குப் புதிய கைத்தொலைபேசி வாங்கி வருவதோடு, ஒரு பந்தும் வாங்கி வந்தால் நல்லது. முடிந்தால் ஒரு பின்னேரம் நின்று அவர்களோடு விளையாடிவிட்டும் போங்கள்.