தெப்பம் இழுக்கும் படகும் நாலு நட்டும்



மாசி மகம் நெருங்கிட்டாலே நம்ம குழுவில பூ யாரு, லைட்டு யாரு, அன்னதானத்துக்கு அரிசி யாருன்னு பேச்சு ஓடும். நல்ல விஷயம்தான். இன்னைக்கு நான் எழுதப் போறது யாரும் கேக்காத ஒண்ணு: சாமி வர்ற தெப்பத்தை இழுக்குற படகைப் பத்தி. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

மாசி மகத்துக்குக் கடல்ல தெப்பம்னா பினாங்கு தெலுக் பஹாங் எல்லாருக்கும் தெரியும். நம்ம கோயில் சின்னது. பெரிய படகு வாடகைக்கு எடுக்க வசதி இல்ல. பக்தர் ஒருத்தர் லீவு நாள்ல தூண்டில் போடப் போற 22 அடி ஃபைபர் படகைத்தான் அன்போட குடுக்குறாரு.

அது நாலு பேர் உல்லாசமா போய்ட்டு வர்றதுக்குச் செஞ்ச படகு. தெப்பம் அப்படியா? டிரம், பலகை, ஜெனரேட்டர், குருக்கள், நாதஸ்வரம், தவில் எல்லாம் ஏறும். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வரும். அப்போ கடல் ஏத்தமும் வத்தமும் மத்த நாளைவிட அதிகம், நீரோட்டமும் வேகமா இருக்கும். அந்த இழுவை முழுக்க படகுக்குப் பின்னால ரெண்டு மூலையில இருக்குற கிளீட் மேல விழும். ரெண்டு கொம்பு வச்ச மாதிரி, கயிறு கட்டுற இரும்பு இருக்கே, அதுதான். ஒவ்வொண்ணையும் பிடிச்சிருக்கிறது நாலு போல்ட்டு.

போன வருஷம் திருவிழாவுக்கு மூணு வாரம் முந்தி படகைப் பாக்கப் போனோம். இடது பக்கத்துக் கிளீட்டைப் பிடிச்சு ஆட்டினா லேசா அசைஞ்சது. அடியில துரு நிறத்துல ஒரு கறை, பக்கத்துல நட்சத்திரம் மாதிரி மயிரிழை வெடிப்பு. கூட வந்த பெரியவர், "போன தடவை ஒண்ணும் ஆகலையே தம்பி, மேல இருந்து ரெண்டு சுத்து முறுக்கி விடு" ன்னாரு.

"அண்ணே, மேல முறுக்குனா அடியில நட்டும் சேர்ந்து சுத்தும். சாமி நடுக்கடல்ல நிக்கும்போது இது பிடுங்கிட்டு வந்தா என்ன செய்றது?" ன்னு கேட்டேன். அவரும் யோசிச்சாரு. சாமி மட்டும் இல்ல, தெப்பத்துல ஏறுறவங்கள்ல பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது.

சிக்கல் என்னன்னா, நட்டு இருக்குற இடத்துக்குக் கை போகாது. மூலைக்கு அடியில இருட்டு. உள்ள போக ஒரே வழி 4 அங்குல வட்ட மூடி. பெட்ரோல் டேங்கைக் கழட்டிக் கரையில வச்சு, எல்லா மூடியும் திறந்து ரொம்ப நேரம் காத்தாட விட்டோம். பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், அடியில தங்கி நிக்கும். ஒரு பொறி போதும். இதை மட்டும் யாரும் அலட்சியம் பண்ணாதீங்க.

என் கை முழங்கை வரைக்கும் போகல. மத்த ஆம்பளைங்க கையும் அப்படித்தான். தேவார வகுப்புக்கு வர்ற படிவம் நாலு படிக்கிற பொண்ணு, அவங்க அம்மாவோட சாப்பாடு கொண்டு வந்துச்சு. "அங்கிள், நான் விட்டுப் பாக்கவா?" ன்னு கேட்டுச்சு. "பொம்பளப் பிள்ளைக்கு இந்த வேலை எதுக்கு" ன்னு ஒரு குரல் வந்துச்சு. அவங்க அம்மாவே, "சாமி வேலைதானே, செய்யட்டும்" னு சொல்லிட்டாங்க.

முதல்ல கைப்பேசியில லைட்டைப் போட்டு, வீடியோவை ஓட விட்டு உள்ள நீட்டுச்சு. எடுத்துப் பாத்துட்டு, "அங்கிள், மூணு நட்டுதான் இருக்கு. நாலாவது போல்ட்டு சும்மா தொங்குது" ன்னுச்சு. கொஞ்ச நேரம் யாரும் பேசல.

இருந்த மூணுலயும் காசு அளவுக்குச் சின்ன வாஷர்தான். இழுக்க இழுக்க அது ஃபைபருக்குள்ள அமுங்கிடும், போல்ட்டு தளரும். தளர்ந்த ஓட்டையில உப்புத் தண்ணி இறங்கும், நடுவுல இருக்குற மரம் ஊறும், இன்னும் தளரும். மேல இருந்து பாத்தா எல்லாம் பளபளன்னுதான் தெரியும்.

எல்லாத்தையும் கழட்டினோம். மரம் கறுத்திருந்தாலும் கெட்டியாத்தான் இருந்துச்சு. நல்லா காய வச்சு, எபாக்சி ஊத்தி அடைச்சு, அடுத்த ஞாயித்துக்கிழமை புதுசா துளை போட்டோம். அடியில வைக்க 316 ஸ்டெயின்லெஸ் தகடு, அந்த மூடி வழியா போற மாதிரி 8 சென்டிமீட்டர் அகலத்துல வெட்டினேன். இழுவையை அந்தத் தகடு முழுசும் பகிர்ந்துக்கும். போல்ட்டு 8 மில்லி, நட்டு உள்ள நைலான் வளையம் வச்சது, அதிர்வுல கழண்டு வராது.

கை போகாத இடத்துல நட்டை எப்படிப் போடுறது? 13 ராட்செட் ஸ்பேனருக்குள்ள நட்டை வச்சு, பின்னால மாஸ்கிங் டேப் ஒட்டிட்டா கீழ விழாது. வாஷரை கிரீஸ் தடவி ஒட்ட வைக்கலாம். அடியில ஒரு துணி விரிச்சுடணும், ஏன்னா இந்த ஸ்டெயின்லெஸ் காந்தத்துல ஒட்டாது, விழுந்தா எடுக்கிறது கஷ்டம். மரைக்குக் கொஞ்சம் ஆன்டி-சீஸ் தடவி மெதுவா திருகணும். ஸ்டெயின்லெஸ்ஸோட ஸ்டெயின்லெஸ் சூடாச்சுன்னா கடிச்சு இறுகிடும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும்.

மேல போல்ட்டுத் தலையை நான் அசையாமப் பிடிச்சுக்கிட்டேன். தலை சுத்தினா அடியில வச்ச சீலன்ட் கிழிஞ்சு தண்ணி இறங்கும். நட்டைத்தான் சுத்தணும். பொண்ணு உள்ள கையை விட்டு ராட்செட்டைக் கொஞ்சம் கொஞ்சமா திருகுச்சு. நான் பலகையில ஒரு தட்டு தட்டினா நிறுத்தணும், ரெண்டு தட்டுன்னா சுத்தணும். பேக்டரியில மெஷின் சத்தத்துல நாங்க இப்படித்தான் பேசிக்குவோம். வலது பக்கத்தையும் சேர்த்து எட்டு நட்டு. அந்தப் பிள்ளை கையெல்லாம் சிவந்து போச்சு, ஒரு வார்த்தை முணுமுணுக்கல.

கடைசியா ஒவ்வொரு நட்டுலயும் தகட்டுலயும் சேர்த்து பெயின்ட் பேனாவால ஒரு கோடு போடச் சொன்னேன். கோடு நேரா இருந்தா நட்டு அசையலன்னு அர்த்தம். அதைப் படம் எடுத்து வச்சோம். தெப்பம் முடிஞ்ச மறுநாள் திரும்பப் படம் எடுத்துப் பாத்தோம், எட்டுக் கோடும் நேரா இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி கரையில நின்னவங்க லைட்டு அலங்காரத்தைத்தான் பாத்தாங்க. அதுதான் சரி. ஆனா அலங்காரத்துக்கு ஆள் வர்ற மாதிரி இந்த வேலைக்கும் ஆள் வரணும்னு கேக்குறேன். தெப்பத்து டிரம்மைக் கட்டியிருக்குற கம்பி, ஜெனரேட்டர் அடியில இருக்குற போல்ட்டு, இதையெல்லாம் இன்னும் யாரும் பாக்கல.

இந்த வருஷம் திருவிழாவுக்கு முந்தின ரெண்டு ஞாயித்துக்கிழமையும் காலையில 8 மணிக்குப் படகுத்துறையில கூடுறோம். 13 ஸ்பேனர், டார்ச் லைட், பழைய துணி இருந்தா கொண்டு வாங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, சின்னக் கைக்கு நிறைய வேலை இருக்கு. தெப்பத்துல ஏறுறவங்க லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போடணும், இழுக்குற கயிறுக்கு நேர் பின்னால யாரும் நிக்கக் கூடாது. அறுந்தா அது சாட்டை மாதிரி வரும்.

வர முடிஞ்சவங்க கீழ பேரைப் போடுங்க. காலைப் பசியாற கோயில் சார்பா ஏற்பாடு பண்ணியிருக்கு.

ஓம் சக்தி.