கைம்மாறு கருதாத விருந்து

ஞாயிறு காலை, இரவு விருந்துக்குச் சாமான்கள் வாங்க மேலப்பாளையத்திலிருந்து சந்திப்புக்குச் சென்றேன். வழியில் தாமிரபரணியின்மீது 1843இல் திறக்கப்பட்ட பாலம். சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பொருளால் கட்டியது. கடந்து செல்வோர் எவரும் கடன்பட்டவராகக் கூசுவதில்லை.

வேலையிழந்த நண்பர் ஒருவர் சில மாதங்களாக விருந்துகளைத் தவிர்த்து வந்தார். "திருப்பி அழைக்க எனக்கு வசதியில்லையே, பாய்" என்றார் தொலைபேசியில். உணவளிக்கும் நல்லோர் கைம்மாறோ நன்றியோ நாடுவதில்லை என்கிறது திருக்குர்ஆன் (76:9). ஆயினும் அவ்வேளையில் உபதேசம் அவரை மேலும் கூசச் செய்யும். "ஆணத்துக்கு உப்புப் பார்க்க ஆள் வேண்டும், அஸருக்கே வந்துவிடுங்கள்" என்றேன்.

வந்தார், வெங்காயம் நறுக்கினார், நெய்ச்சோற்றுக்குத் தம் போட்டார். இஷாவுக்குப் பின் ஒரே சஹனில் நால்வராக அமர்ந்து உண்டோம், அல்ஹம்துலில்லாஹ்.

விருந்தினராக வரக் கூசுபவரைச் சமையற்கட்டுக்கு அழையுங்கள். அவருக்கு அவ்விருந்து கடனாகத் தோன்றாது.