டயல் டோன் வந்தால் போதுமா?

தொலைபேசி நிலையத்துக்குள் வரும் கேபிள்கள் முதலில் சேரும் இடம் எம்.டி.எஃப். அங்கே வெளி லைன்கள் கட்டிய குரோன் மாட்யூல் ஒவ்வொன்றிலும் பத்து ஜோடிக் கம்பிகள். அவற்றின் மேல் சின்னச் சின்னதாகச் செருகி வைத்திருப்பவைதான் மின்னல் பாதுகாப்புச் செருகிகள்.

ஒவ்வொன்றின் உள்ளேயும் வாயு அடைத்த ஒரு சிறு குழாய் இருக்கிறது. லைனில் சாதாரணமாக ஓடும் 48 வோல்ட்டுக்கு அது அசையாது. மணியடிக்கும்போது சேரும் 75 முதல் 90 வோல்ட் ஏசிக்கும் அப்படித்தான். மின்னலால் வோல்டேஜ் எகிறினால் (பரவலாக உள்ள வகையில் சுமார் 230 வோல்ட்) வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, அதை எர்த்துக்குத் திருப்பிவிடும்.

சரி, கரண்ட் கம்பியே லைன் மேல் விழுந்து கிடந்தால்? குழாய் சூடாகும். அதிலுள்ள கிளிப் லைனை எர்த்தோடு ஒரேயடியாகச் சேர்த்துவிடும். போன் செத்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் கருவி பிழைத்துக்கொள்ளும்.

சிக்கலே இனிமேல்தான்! அந்தச் செருகியைப் பிடுங்கினால் போதும், டயல் டோன் வந்துவிடும். புகார் தீர்ந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். புதுசு மாட்டாமல் விட்டாலும் போன் பேசும். எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பேசும். பாதுகாப்பு இல்லை என்பது அடுத்த மின்னலில்தான் தெரியும்... அப்போது லைன் கார்டே போயிருக்கும்.

ஆகவே, டோன் வந்ததும் வேலை முடியவில்லை. காலி இடத்தில் புதுச் செருகி ஏறி, எர்த்தையும் சோதித்த பிறகே முடிகிறது.