சாட்சி சொல்லச் சொல்கிறவர்களுக்கு

கத்தோலிக்கர்கள் தங்கள் விசுவாசத்தைப் பிற மதத்தவரிடம் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும் என்று பூசைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். சொல்ல வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் யார் சொல்வது, என்ன விலை கொடுத்து என்பதைப் பிரசங்கம் தொடுவதில்லை.

கிருஷ்ணன்கோவில் பக்கம் நான் வேலை பார்க்கும் தலித் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர் உண்டு. ஞானஸ்நானப் பெயர் கோயிலுக்கும் பாட்டிக்கும். மற்றது பள்ளிக்கூடத்துக்கும் தாசில்தார் ஆபீசுக்கும். வி.ஏ.ஓ. விசாரிக்க வருகிறார் என்றால் சுவரில் இருக்கிற மாதா படம் பீரோவுக்குள் போய்விடும்.

இதைக் கோழைத்தனம் என்பவர்கள் 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியை வாசிக்கட்டும். அதில் 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணியின் வழக்கில், அவர் ஒழுங்காகக் கோயிலுக்குப் போனதும் ஞானஸ்நானப் பதிவும் உச்ச நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான ஆதாரங்களாயின.

தோழர்களே, சூசையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை எழும்பூர் நடைபாதையில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். 1982-ல் அரசு செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தபோது இந்துக்களுக்குக் கிடைத்தது, அவருக்கு இல்லை. நான் கிறிஸ்தவன், எனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். இதைவிடப் பெரிய விசுவாச சாட்சி எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

1985 செப்டம்பரில் தோற்றார். ஏன் தோற்றார் என்பதுதான் நமக்கு முக்கியம். மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் போதாது, கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே கொடுமை அதே கடுமையோடு நடக்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்கு ஆதாரம் காட்டவில்லை என்றது நீதிமன்றம்.

ஆதாரமா இல்லை? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரித்து நிற்கிறதே ஒரு சுவர்! செருப்புத் தைக்கிறவர் அதையெல்லாம் திரட்டிக் கொண்டுபோய்க் கோர்ட்டில் வைக்க முடியுமா? பதிவேடும் பள்ளியும் அச்சகமும் வைத்திருந்தவர்களால் முடிந்திருக்கும். திருச்சபைக்குள் சாதி இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணத்தை இந்திய ஆயர் பேரவை வெளியிட்டது 2016-ல்.

விசுவாசத்தைச் சொல்வதென்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஏசு எனக்கு என்ன செய்தார் என்பதோடு, அவர் கோயிலில் எனக்கு என்ன செய்தார்கள் என்பதையும். முதலில் வாய் திறக்க வேண்டியவர்கள் இழப்பதற்குச் சான்றிதழ் இல்லாதவர்கள். ஆயர்கள், குருக்கள், ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கர்கள். நான்தான் அந்தச் சுவரின் அந்தப் பக்கத்தவன் என்று அவர்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தால், அது நம் நூறு பேரின் சாட்சியத்துக்குச் சமம்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "அக்கா, கழுத்துல ஜெபமாலை போட்டுக்கிட்டுக் காலேஜுக்குப் போகலாமா?" அதை உங்க பங்குச் சாமியார்கிட்டயும் கேளு, பதிலை எழுதி வாங்கிட்டு வா என்றேன்.