மங்கலமும் மரியாதையும்

ஒற்றைப் பத்தித் தலைப்பில் வரிக்குப் பத்து எழுத்து பிடித்தால் அதிகம். 'கற்பழிப்பு' ஆறு எழுத்து. 'பாலியல் வன்கொடுமை' ஒன்பது. நடுவில் ஓர் இடைவெளியும் விட வேண்டும். முதல் பதிப்பு அச்சுக்குப் போகிற நேரத்தில் பக்கம் வடிவமைப்பவர், "தலைப்பு வழியுது சார், சின்ன வார்த்தையா குடுங்க" என்பார். மாவட்ட நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டால், "எஃப்.ஐ.ஆர்.ல அப்படித்தாண்ணே இருக்கு" என்பார். பக்கத்து நாற்காலி மூத்தவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இப்பல்லாம் எதைச் சொன்னாலும் குத்தம்யா" என்று முடித்துவிடுவார்.

அவர் சொல்வதை வெறும் சலிப்பு என்று தள்ளிவிட முடியாது. ஊரில் பாதிப் பேர் இன்று அதைத்தான் சொல்கிறார்கள். நேற்றுவரை வாயில் சாதாரணமாக வந்த சொல் இன்று வசையாகிவிட்டது. இன்று சரியென்று சொல்லித்தரும் சொல்லை நாளை வேறொருவர் வந்து தவறு என்கிறார். பார்த்துப் பார்த்துப் பேச வேண்டியிருப்பது அளவு மீறிப் போய்விட்டதா? நாளிதழில் அடுத்தவர் எழுத்தைத் திருத்துவதே தொழிலாகிவிட்ட எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் மேசையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எல்லோரும் பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். தமிழில் மரியாதை குடியிருக்கும் இடம் வினைமுற்று. "வீட்டு உரிமையாளர் புகார் கொடுத்தார். வேலைக்காரி தப்பி ஓடினாள்." இரண்டே வாக்கியம். யார் திருடியது என்று போலீஸ் விசாரிப்பதற்குள் இலக்கணம் தீர்ப்பு எழுதிவிட்டது. டாக்டர் இறந்தார், கூலித் தொழிலாளி இறந்தான் என்று ஒரே விபத்துச் செய்தியில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. இன்று பெரும்பாலான நாளிதழ்களில் வயதுவந்த எவருக்கும் 'ஆர்' விகுதிதான். கைதானவருக்கும் அதுவே. "கொலைகாரனுக்கு எதுக்குய்யா ர்?" என்று கேட்பவர்கள் உண்டு. கொலைகாரன் என்று இன்னும் நீதிமன்றம் சொல்லவில்லை என்பதுதான் பதில். அந்த ஒற்றை 'ர்' குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாம் செய்யும் உபசாரம் என்று நினைப்பவர்கள் செய்தி எழுதும் முறையைப் புரிந்துகொள்ளவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாமல் இருப்பதற்கான கட்டுப்பாடு அது.

பேச்சில் இப்படிக் கவனம் வேண்டும் என்பது நேற்று வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது என்றும் சிலர் நினைக்கிறார்கள். நன்னூல் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று பிரித்து, தகுதி வழக்குக்குள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்றையும் வைக்கிறது. சபையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து, 'கால் கழுவி வந்தேன்' என்பது இடக்கரடக்கல். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். ஒரு தொழில் கூட்டத்தார் தங்களுக்குள் புழங்கும் சொல் குழூஉக்குறி. பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களை 'அழகிகள்' என்று எழுதிப் பெட்டிக்கடை வாசலில் போஸ்டர் தொங்கவிட்டார்களே, அது எங்கள் கூட்டத்தின் குழூஉக்குறி. வாசகரும் சீக்கிரமே அதைக் கற்றுக்கொண்டார்.

ஆனால் இடக்கரடக்கலும் மங்கலமும் யாரைக் காக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவை சபையைக் காக்கின்றன. சொல்பவர் வாய் கூசாமலும் கேட்பவர் காது கூசாமலும் பார்த்துக்கொள்கின்றன. செத்தவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. இன்று கேட்கப்படும் மரியாதை வேறு. பேசப்படுகிறவர், பெரும்பாலும் அந்த அறையில் இல்லாதவர், அவரைப் பற்றியது அது. இரண்டையும் ஒரே பையில் போட்டு 'நாசூக்கு' என்று பெயர் ஒட்டியதால்தான் இவ்வளவு குழப்பம்.

மரியாதை எப்போதும் மென்மையாகத்தான் இருக்கும் என்பதும் தப்புக் கணக்கு. 'கவுரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்தோம். சாதி மறுத்துத் திருமணம் செய்த மகளையும் மருமகனையும் வெட்டியதில் யாருடைய கௌரவம் இருக்கிறது என்று இயக்கத்தார் கேட்டார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்த சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அந்த ஆண்டுகளில் 'ஆணவக் கொலை' ஊடகத்தில் ஊன்றிக்கொண்டது. பழைய சொல் ஏழெழுத்து, புதியது ஆறு. நீளம் என்ற சாக்குக்கூட அங்கே இல்லை. அது கொன்றவரின் சொல்லைப் பிடுங்கிக்கொண்டு, கொன்றதற்கான காரணத்தை எழுதியது. மென்மைக்கு அங்கே வேலையே இல்லை.

'கற்பழிப்பு' போனதும் அப்படித்தான். அந்தச் சொல்லில் இழப்பு முழுதும் பெண் தலையில். செய்தவன் எங்கோ ஓரத்தில் நிற்பான். 'வன்கொடுமை' என்றதும் கொடுமை செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது வெளியே வருகிறது. சட்டமே இன்னும் முழுதாக அந்தப் பக்கம் வந்து சேரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 74-ஆம் பிரிவிலும் பெண்ணின் மானத்துக்குப் பங்கம் என்ற பழைய எண்ணம் அப்படியே இருக்கிறது. மறுபுறம், திருமணத்துக்கு வெளியே உறவு வைப்பது குற்றமல்ல என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை ரத்து செய்தது. தலைப்பில் மட்டும் 'கள்ளக்காதல்' தினமும் கைதாகிக்கொண்டிருக்கிறது. ஒருவன் மனைவியை அடித்துக் கொன்றிருப்பான்; தலைப்பு 'கள்ளக்காதல் விவகாரம்' என்று தொடங்கும். படிக்கிறவருக்குக் கொலை இரண்டாம் பட்சமாகிவிடும்.

இனி மங்கலத்துக்கு வருகிறேன். மூத்தவரின் புலம்பலில் இருக்கும் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

காந்தி 'ஹரிஜன்' என்ற பெயரைப் பரப்பினார். நோக்கம் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியவர்களைக் கேட்டார்களா? 1938-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அந்தப் பெயரை எதிர்த்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். தெய்வத்தின் பிள்ளை என்று அழைத்துவிட்டுத் தெருவுக்குள் விடாத ஊரில் அந்தப் பெயர் யாருடைய மனசாட்சிக்கு இதமாக இருந்தது? 2015 டிசம்பரில் பிரதமர் மோடி 'திவ்யாங்', அதாவது தெய்வீக அங்கம் கொண்டவர், என்று சொன்னபோது மாற்றுத்திறனாளி அமைப்புகளிலிருந்து எழுந்த எதிர்ப்பும் இதே வகைதான். எங்களுக்குத் தெய்வீகம் வேண்டாம், சாய்தளம் வேண்டும் என்றார்கள்.

'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கருணாநிதி ஆட்சியில் 'ஊனமுற்றோர்' போய் அது வந்தது. அரசாணை, அடையாள அட்டை, பஸ் இருக்கை எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. பலர் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள்; நாங்களும் எழுதுகிறோம். ஆனால் எனக்குத் தெரிந்த பார்வையற்ற நண்பர் அதைக் கேட்டாலே சிரிப்பார். "எனக்கு என்ன சார் மாற்றுத் திறன்? கண்ணு தெரியல, அவ்ளோதான். சிக்னல்ல சத்தம் வைக்கச் சொல்லுங்க." தன்னைப் 'பார்வையற்றவர்' என்றே எழுதச் சொல்வார். அவர் செய்தியில் அப்படியே எழுதுவோம். எது சரியான சொல் என்று மேசையில் வாக்கெடுப்பு நடத்துவதைவிட, சம்பந்தப்பட்டவருக்கு ஒரு போன் போடுவது சுலபம்.

மங்கலத்தின் ஆபத்து அது செலவில்லாத மரியாதை என்பதில் இருக்கிறது. 'துப்புரவுப் பணியாளர்' அரசாணையில் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். கொரோனா காலத்தில் மாலை போட்டார்கள், பாதபூஜைகூடச் செய்தார்கள். உரிய பாதுகாப்பில்லாமல் மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டி வந்திருக்காது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பல நாள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதே என்பது கோரிக்கை. கடைசியில் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. பெயரில் தூய்மை சேர்ந்திருந்தது. வேலைக்கு உத்தரவாதம் சேரவில்லை.

இந்த வகைச் செய்தியில் எங்கள் மேசைக்கும் ஒரு மங்கலம் உண்டு: 'விஷவாயு தாக்கி இருவர் பலி.' வாயுதான் குற்றவாளி. குழிக்குள் இறங்கச் சொன்ன ஒப்பந்ததாரர் வாக்கியத்திலேயே இல்லை. அதேபோல, சேரிக்குள் புகுந்து வீடுகளை எரித்தால் 'இரு தரப்பினர் மோதல்', எரித்தவர்கள் 'குறிப்பிட்ட சமூகத்தினர்'. தேவையில்லாமல் சாதியைக் குறிப்பிடாதீர்கள் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை சொல்கிறது. செயின் பறித்தவனின் சாதியை எழுதி ஒரு சமூகத்தையே திருடராக்கக் கூடாது என்பதற்கான நல்ல விதி அது. சாதியே காரணமாக நடந்த குற்றத்தில் சாதியை மறைக்க அதே விதியைக் கேடயமாகப் பிடிப்பதுதான் அளவு மீறல்.

ஒரு பெயரை யார் வைப்பது என்ற வழக்கு நம் ஊரில் நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாக வீசப்பட்டதைக் கையில் எடுத்து நிமிர்ந்து நிற்கலாம் என்பது அவர் வழி. அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை; அது பிறர் நம்மேல் சுமத்தியது என்பது அவர் வாதம். எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922-இல் சென்னை மாகாண அரசின் ஆவணங்களில் 'ஆதி திராவிடர்' ஏறியது. மூவர் வழியும் வேறு. ஆனால் மூவரும் அந்த மக்களுக்குள்ளிருந்து பேசியவர்கள்.

திருநங்கையர் விஷயத்திலும் அந்தத் தேடல் நம் கண்முன்னே நடந்தது. 2008-இல் தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்தபோது அதன் பெயரில் இருந்தது 'அரவாணிகள்'. பிறகு 'திருநங்கை' நிலைத்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் நடந்த வழக்கைத் தொடர்ந்து, 2022-இல் தமிழ்நாடு அரசு 'திருநர்', 'பால்புதுமையர்' போன்ற சொற்களைக் கொண்ட பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அந்தச் சொற்களுக்காகச் சமூகத்தினரே உட்கார்ந்து வாதாடினார்கள். புதுச் சொல் வாயில் நுழையவில்லை என்று முணுமுணுப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: புதிதாக வந்த அமைச்சரின் பெயர் எவ்வளவு கடினமாக இருந்தாலும் இரண்டே நாளில் நமக்கு நுழைந்துவிடுகிறதே.

அப்படியானால் அளவு மீறவே இல்லையா? மீறுகிற இடம் ஒன்றை மேசையில் அடிக்கடி பார்க்கிறேன். கிராமத்துத் தாய் ஒருத்தி உதவித்தொகைக்காக நடையாய் நடக்கிறாள். நிருபரிடம், "என் புள்ள பொறந்ததுலேர்ந்து ஊமைங்க, ஆபீசர் நாளைக்கு வா நாளைக்கு வான்றாரு" என்கிறாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் மேற்கோளுக்குள்ளேயே கை வைத்து, "என் மகன் பிறவியிலிருந்தே வாய் பேச இயலாத மாற்றுத்திறனாளி" என்று மாற்றிவிடுவார். அப்படி எந்தத் தாயும் பேசியதில்லை. அவள் வாயிலிருந்து அவள் பாஷையைப் பிடுங்கிக்கொண்டு அரசாணையின் பாஷையைத் திணித்தாயிற்று. "நம்ம வாக்கியத்துல நம்ம சொல்லு தம்பி, அந்தம்மா வாக்கியத்துல அவங்க சொல்லு" என்று பழையபடி மாற்றச் சொல்வேன். பிள்ளையைப் பத்து மைல் தூக்கிச் சுமந்தவளுக்கு மரியாதைப் பாடம் எடுக்க நமக்கு யோக்கியதை இல்லை.

வீட்டிலும் தெருவிலும் நடப்பதும் இதுவே. புதிய சொல் தெரியாதவரை அறிவில்லாதவர் என்று மடக்கிப் போடுவது சிலருக்குப் பொழுதுபோக்கு. படித்தவர், நகரத்துக்காரர் என்று காட்டிக்கொள்ளும் அடையாளமாகச் சொல் மாறும்போது அதுவும் ஒரு தீண்டாமைதான். அதற்காக, வேண்டுமென்றே 'அலி' என்றோ 'நொண்டி' என்றோ சொல்லிவிட்டு "எங்க ஊர்ல அப்படித்தான் பேசுவோம்" என்று சிரிப்பவரையும் அந்தத் தாயையும் ஒன்றாக நிறுத்த முடியாது. முன்னவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது நன்றாகவே தெரியும்.

மேசைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் பட்டியல் எதுவும் கொடுப்பதில்லை. பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மூன்று கேள்விகள் போதும். இந்தப் பெயர் அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்டதா? இந்தச் சொல் செய்தவரைக் காட்டுகிறதா, ஒளிக்கிறதா? இதே செய்தி ஒரு மாவட்ட ஆட்சியரைப் பற்றியது என்றால் இதே விகுதியைத்தான் போடுவாயா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் அவர்கள் பதில் சொல்வதில்லை. கை தானாகவே வாக்கியத்தைத் திருத்தும்.

ஆக, மூத்தவருக்கு என் பதில்: மங்கலம் அளவு மீறிவிட்டது, மரியாதை இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை. தலித் குடியிருப்பைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. அந்தத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் எப்போது வருகிறது என்று கேட்டு எழுத வேண்டியது எங்கள் வேலை. திருத்த வேண்டியவர்களை வரிசையில் நிறுத்தினால் முதலில் அரசாணை, அடுத்து எஃப்.ஐ.ஆர்., அதை அப்படியே எடுத்துப் போடும் எங்கள் தலைப்பு. திண்ணையில் உட்கார்ந்து பழைய சொல்லைச் சொல்லும் கிழவியின் முறை வரும்போது நம்மில் யாருக்கும் அவளைத் திருத்த நேரம் மிச்சமிருக்காது.